யாருக்குக் கீழ ஓடுதே?

"யாருக்குக் கீழ ஓடுதே, சொல்லு."

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் மாடத்தி அந்தக் கட்டளையைக் கம்ப்யூட்டர் மெஷினுக்குக் கொடுத்தாள். இந்த பங்களாவில் லீவு கேட்கலாம், அட்வான்ஸ் கேட்கலாம், சாரலுக்குக் குடைகூடக் கேட்கலாம். மெஷினிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று மேனேஜர் ராமசேஷன் அவள் சேர்ந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். ஏன் சார் என்றதற்கு, "கேக்கப்படாதுன்னா கேக்கப்படாதும்மா" என்று முடித்துவிட்டார். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று சொல்லியே வளர்த்த பிள்ளை. அந்தச் சொல் காதில் விழுந்தாலே அவளுக்குக் காது மடல் சுடும்.

பதில் வருவதற்கு முன்னால் அருவிச் சத்தம் நின்றது.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருக்கிற பங்களா அது. சீசனில் அந்த இரைச்சல் ராவும் பகலும் சுவருக்குள்ளேயே ஓடுவதுபோல இருக்கும். நாலு நாள் பழகிவிட்டால் அது கேட்பதே தெரியாது, நின்றால்தான் தெரியும். நின்றது. உடனே மறுபடி இரைந்தது. அவ்வளவுதான். கையில் ஆவி பறக்க எடுத்த காபியை உதட்டில் வைத்தாள். ஆடை படிந்து, மண்சட்டித் தண்ணீர்போலச் சில்லென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இப்போதுதான் சாரல் அடித்துக்கொண்டிருந்த முற்றத்தில் வெயில் அடித்தது, கல்தரை காய்ந்துகிடந்தது.

திரையில் பச்சை எழுத்தில் பதில் இருந்தது. மெஷினின் அடையாள எண். அதன் தொடக்கத்தில் இங்கிலீஷ் எஃப் இரண்டு.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் காபி தரையில் சிந்தியது.

இரண்டு எஃப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மெட்ராஸில் டிரெயினிங் எடுத்த இடத்தில் இப்படித்தான் இருந்தது. மெஷின் ஒன்றுதான். அதன் உச்சியில் ஒரு புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, மெஷினைப் பத்துப் பேருக்குக் கூறுபோட்டுக் கொடுக்கும். கீழே ஓடுகிற ஒவ்வொரு சிஸ்டமும் முழு மெஷினும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். மேலே இருப்பது நிறுத்தினால் நிற்கும். நின்றதுகூட அதற்குத் தெரியாது. திரும்ப விட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அவள் அப்பா அய்யாக்குட்டி குளத்து மடையில் முறைத்தண்ணீர் திறந்துவிடுகிறவர். மடையை அடைத்தால் வயல் நிற்கும், திறந்தால் பாயும், நடுவில் பொழுது எவ்வளவு போனதென்று வயலுக்கு என்ன தெரியும் என்றுதான் அவள் அந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டாள்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அடையாள எண்ணைக் கேட்க வேண்டும். தனி மெஷினாக இருந்தால் தன் நிஜ எண்ணைச் சொல்லும். தொடக்கத்தில் இரண்டு எஃப் வந்தால் மேலே ஆள் இருக்கிறது. ஒழுங்கான சிஸ்டம் காலையில் எழும்போதே இதைத் தானாகக் கேட்டுக்கொள்ளும். இங்கே யாரோ அந்த வரிகளைப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் செய்யாதே என்ற கட்டளையை அந்த இடத்தில் வரிசையாக அடைத்து வைத்திருந்தார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சு வைத்ததுபோல.

அவள் பயந்ததற்குக் காரணம் அது அல்ல. இந்த மெஷினுக்கு மேலே அப்படி ஒரு புரோகிராம் கிடையாது. மலையில் எஸ்டேட்டும் புளியறை வழியாக லாரியும் ஓட்டுகிற முதலாளி, சீமையில் கழித்துப் போட்டதை வாங்கி, குற்றாலத்தில் குளிர்காற்று இனாம், ஏசி செலவு மிச்சம் என்று இந்த ஈரம் கசிகிற பங்களாவில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். வெறும் மெஷின். பழைய டேப்பிலிருந்து அதில் சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றியவளே மாடத்திதான். மெஷினுக்கு மேலே எதுவும் இல்லை.

மேலே மாடிதான் இருந்தது. அது பூட்டிக் கிடந்தது.

இப்படிப் பொழுது விழுங்கப்படுவது அவளுக்குப் புதிதும் அல்ல. சீசன் தொடங்கியதிலிருந்தே நடந்தது. ஒரு வரியை அடிக்கத் தொடங்குவாள். முடிக்கும்போது சுவர்க்கடிகாரம் எங்கோ போயிருக்கும். கொண்டைப் பூ வாடியிருக்கும். புளியங்குடி எலுமிச்சை மண்டிக் கணக்கை முடிக்காமல் தூங்கினாயா என்று ராமசேஷன் கேட்பார். தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன்னால் அருவி நின்றது. ஒவ்வொரு தடவையும் முழிக்கும்போது ஈரத் தலைமுடி வாசம். குளித்துவிட்டுத் துவட்டாமல் யாரோ பக்கத்தில் குனிந்து நின்றுவிட்டுப் போனதுபோல.

பயம் வந்தால் மாடத்திக்குக் கூடவே கோபமும் வரும். போனது யார் வீட்டுப் பொழுது? அம்மா பீடி சுற்றிச் சுற்றி விரல்நுனி மஞ்சளாகி, அந்தக் கூலியில் படித்த படிப்பு அவளுடையது. அந்தப் படிப்பால் வந்த வேலை, அந்த வேலையில் உட்கார்ந்திருக்கிற உடம்பு, அந்த உடம்பின் மத்தியானம். அதை ஒருத்தர் எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை அவளுக்குக் கொடுப்பதா? யார் அது? இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நாற்காலியில் இனி உட்காருவதில்லை என்று நினைத்தாள். தெரிந்தபின் உட்கார முடியுமா என்பதையும் நினைத்தாள். வேலையை விட்டால் வீட்டில் மறுபடி அம்மாவின் விரல்தான். விடாவிட்டால் அவளே மிஞ்சமாட்டாள்.

எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

ராமசேஷன் மேஜையருகே நின்று கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிரம்பியது. அவர் ஊற்றினார். தண்ணீர் வழிந்து மேஜையில் பரவி, பைல்களுக்கு அடியில் புகுந்து, அவர் வேட்டியில் சொட்டியது. கை இறங்கவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. ஒரு ஈ வந்து அவர் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. நடந்தது. கருவிழிமேல் ஏறியது. இமை அசையவில்லை.

அருவி இரைந்துகொண்டிருந்தது. அப்படியானால் இது அவளுடைய முறை இல்லை. அவருடையது.

கூஜா காலியானது. கடைசிச் சொட்டும் விழுந்தது. தலைக்கு மேலே, மாடியில், நாற்காலியைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது.

"...சொன்னேனோல்லியோ?" என்றார் ராமசேஷன். ஈ பறந்தது. எதையோ சொல்லி முடித்த முகம். ஈரத்தை அவர் கவனிக்கவே இல்லை.

மேலே யார் சார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மாடி பூட்டிக் கிடக்கிறதே, யார் இருப்பா என்றார். மெஷினிடம் கேட்டுவிட்டேன், தனக்கு மேலே ஆள் இருக்கிறதென்று சொல்லிவிட்டது என்றாள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் கதவுப் பக்கம், படிக்கட்டுப் பக்கம் போய்வந்தது. எனக்கு ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தான், எது எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடட்டும், நீயும் அப்படியே இரு என்று தணிந்த குரலில் சொன்னார். சொல்லி முடிக்கும்போது, "என்ன மாலதி?" என்றார்.

அங்கேதான் அவளுக்கு எரிந்தது. அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். மெட்ராஸ் பார்ட்டி போன் பண்ணும்போது மாடத்தி பேசுகிறேன் என்றால் ஒரு மாதிரி இருக்குமாம். மாலதி என்று வைத்துக்கொள், இங்கிலீஷில் எழுதினால் ஒரே எழுத்துதானே மாறுகிறது என்று டி-யைக் கோடு கிழித்து அடித்துவிட்டு எல் போட்டார். ஒரே எழுத்துதானாம். மாடத்தி என்பது அவள் ஊர் எல்லையில் வெட்டவெளியில் நிற்கிற குலசாமியின் பெயர். அன்றைக்கே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். வீட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

"எம் பேரு மாடத்தி சார். உங்க நிஜப் பேரு என்ன?"

ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ராமசேஷன் வாயைத் திறந்தார். உதடு எதற்கோ குவிந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, விலகியது. மறுபடி தொட்டது. நெற்றியில் வேர்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, ஈர மேஜையைக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கினார்.

மாடத்தி திரும்பி மெஷின் அறைக்கு ஓடினாள்.

வெளியே மறுபடி மேகம் மூடிக்கொண்டு வந்தது. திரிகூடமலை மறைந்து, ஜன்னலில் வெள்ளைப் புகை மட்டும் நின்றது. மத்தியானமே விளக்கு வேண்டியிருந்தது. மெஷினின் விசிறிகள் ஊதின. ஈரக் காகிதம், பூசணம், எங்கிருந்தோ தைலம், அதற்கு அடியில் அந்த முடி வாசம், முன்னைவிடக் கிட்டத்தில்.

இன்னொரு கேள்வி இருந்தது. முதல் கேள்வி ஆள் உண்டா என்றுதான் சொல்லும். யார் என்று சொல்லாது. அதற்கு ஒரு கள்ளக் கட்டளை உண்டு. தனி மெஷின் அதைத் தெரியாது போ என்று தள்ளிவிடும். மேலே ஆள் இருந்தால் அந்த ஆள் இறங்கிவந்து பதில் சொல்லும்: முதலில் தன் பெயர், எட்டு எழுத்துக்குள். அடுத்து, கீழே ஓடுகிற உனக்கு நான் வைத்திருக்கிற பெயர், அதுவும் எட்டுக்குள்.

தள்ளிவிடணும் என்று வேண்டிக்கொண்டு அடித்தாள். தெரியாது போ என்று சொல்லிவிடு. சொல்லிவிடு.

மாடியில் நாற்காலி நகர்ந்தது. காலடி. அவள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

பதில் வந்தது. இரண்டு பெயர். இங்கிலீஷில்.

மேலே: ரத்தினம். எட்டு எழுத்தும் அடைந்து நின்றது.

கீழே: மாலதி.

அவள் பெயர் அல்லாத அவள் பெயர். அவள் எந்த இடத்திலும் அதை மெஷினில் ஏற்றியதில்லை. சிஸ்டத்துக்கு அவள் வைத்த பெயர் வேறு. அப்படியானால் கீழே ஓடுவது மெஷின் இல்லை. மடையை அடைப்பது மெஷினுக்கு இல்லை, அவளுக்கு.

"ஏட்டி, காபியை இப்படிப் போட்டு வச்சா யாரு குடிக்கது?"

துள்ளிவிட்டாள். உலகம்மை. பங்களாவைப் பெருக்கிக் காபி போட்டுக் கொடுக்கிற பொம்பளை. வாசலில் நின்று ஆடை படிந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே வந்து கூப்பிட்டேன், பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தே, கண்ணு முழிச்சுத்தான் இருந்துச்சு, தோளைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு, போன மாலதியும் இப்படித்தான் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே தரையைத் துடைக்கக் குனிந்தாள்.

"போன மாலதியா?"

"இந்தச் சேர்ல உக்காந்தவ எல்லாம் மாலதிதான். அவளுக்கு முந்தி இருந்தவளும் மாலதி. எனக்கும் லேசுதான், ஒரே பேரு. போனவ ரெண்டு கரண்டி சீனி கேப்பா, நீ சீனியே வேண்டாங்கே. முதலாளிக்கு மிச்சம்."

"அவ நிஜப் பேரு என்னக்கா?"

உலகம்மை துணியைப் பிழிந்தாள். "ரத்தினம். ஏன் கேக்கே?"

மாடத்தி திரையை உடம்பால் மறைத்துக்கொண்டாள். படிக்கத் தெரியாதவளிடமிருந்து எதை மறைக்கிறோம் என்று தோன்றியது. எங்கே போனாள் என்று கேட்டாள். ஆருக்குத் தெரியும் என்றாள் உலகம்மை. ஒருநாள் காபி கொண்டுவந்தால் நாற்காலி காலி. செருப்பு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கோவித்துக்கொண்டு போய்விட்டாள் என்று மேனேஜர் சொன்னார்.

"செருப்பில்லாம எவட்டீ கோவிச்சுக்கிட்டுப் போவா? இந்தக் கல்லு ரோட்டுல?" என்று சிரித்தாள். மாடத்தி சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"எம் பேரும் மாலதி இல்லக்கா. மாடத்தி."

"அடியாத்தே, எங்க மதினி பேருல்லா. நல்ல பேரைக் கழத்திப் போட்டுட்டு அலையுதியே, வெக்கமா இல்லையா ஒனக்கு? கழத்திப் போட்டா எவளாவது எடுத்து மாட்டிக்கிடப் போறா."

வேறு காபி போட்டு வருகிறேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போன சொல். அது அறையில் நின்றது. சாரல் ஓட்டில் விழுந்தது. விசிறி ஊதியது. மாடியில் காலடி நகரவில்லை. நேர் மேலேயே. கேட்டுக்கொண்டு.

கழற்றிப் போட்டால்.

மாடத்தி கள்ளக் கட்டளையை மறுபடி அடித்தாள்.

அருவி நின்றது.

அருவி இரைந்தது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. அவள் பின்கழுத்து ஈரம். தோளில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. ஓடு ஒழுகவில்லை. நாற்காலிக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம். வெறுங்கால். வாசலிலிருந்து வந்திருந்தது. திரும்பிப் போகவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

கீழே: மாலதி. எல் போட்டது.

மேலே: மாடத்தி. டி போட்டது.

இந்த பங்களாவில் அந்த டி-யை ஒருவரும் எழுதியதில்லை. அடித்தது மட்டும்தான். அடித்துக் கீழே போட்டதை மேலே இருப்பது எடுத்து, தட்டி, மாட்டிக்கொண்டுவிட்டது. ரத்தினத்துடையதைக் கழற்றியாகிவிட்டது. புதுசு வந்துவிட்டது.

மாடத்திக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இனி எத்தனை முறை மடை திறக்கும் என்று தெரியாது. அடுத்த அடைப்பில் அவள் செருப்பு மட்டும் படிக்குக் கீழே கிடக்கலாம். ஓடிவிடலாம், இப்போதே. ஓடினால் நாளைக்கு இந்த நாற்காலியில் இன்னொரு பீடிக்காரி மகள் உட்காருவாள். அவள் பெயரிலும் ஓர் எழுத்தை அடிப்பார்கள்.

விசைப்பலகையை இழுத்தாள். ஒன்றும் செய்யாதே, ஒன்றும் செய்யாதே என்று அடைத்து வைத்திருந்த இடத்தைத் திறந்தாள். பிடுங்கிய வரிகளைத் திரும்ப வைத்தாள். கள்ளக் கட்டளையையும் சேர்த்தே வைத்தாள். இனி காலையில் சிஸ்டம் எழும்போதே கேட்கும். யாரும் தைரியம் வந்து கேட்க வேண்டாம். கேட்டு, வந்த பதிலைத் திரையின் உச்சியில் போடும்: மேலே யார், கீழே யார். உட்காருகிறவள் முதலில் அதைப் படித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

பின்னால் மூச்சு. ஈர மூச்சு. அவள் அடித்த ஒவ்வொரு எழுத்தையும் அவளோடு சேர்ந்து முணுமுணுத்தது.

"பாத்துக்கோ" என்றாள் மாடத்தி. "நல்லாப் பாத்துக்கோ."

டேப்பில் பதிந்தது. பச்சை எரிந்தது. முடிந்தது.

எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள், இரண்டையும், வாரை இழுத்து. மேனேஜர் அறையைத் தாண்டினாள். ராமசேஷன் காய்ந்த மேஜையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியைத் தாண்டும்போது அண்ணாந்து பார்க்கவில்லை. மேல் கதவில் பூட்டு தொங்குகிறதா என்று பார்க்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். உள்ளதைச் சொல்வது. இனி பீடி சுற்ற விரலை நான் தருகிறேன் என்பது.

முற்றம். சாரல். கேட்.

ரோட்டில் குளித்துவிட்டு வருகிற கூட்டம் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் வாசம், மிளகாய் பஜ்ஜி வாசம், டூரிஸ்ட் பஸ்ஸின் ஹாரன். கேட்டை வெளியிலிருந்து சாத்தும்போது அடுக்களைக் கதவு திறந்தது. உலகம்மை டம்ளரோடு முற்றத்துக்கு வந்தாள். கேட்டைப் பார்க்கவில்லை. நெற்றியில் கையை வைத்துச் சாரலை மறைத்துக்கொண்டு, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏட்டி மாடத்தி, அங்கன எப்பம் ஏறுன? இங்கன வச்சிட்டுப் போறேன், சீனி போடட்டுமா?"

மேலே, எத்தனையோ சீசனாகத் திறக்காத ஜன்னலின் கொக்கி விலகியது.

"சீனி வேண்டாம்க்கா."

அதே குரல். சொல்லை முடிக்கும்போது லேசாக மேலே ஏறுகிற இழுப்புகூட அதே.

ரோட்டில் நின்றவள் வாயைத் திறந்தாள். தன் பெயரைச் சொல்லி, நான் இங்கே இருக்கிறேன் என்று கத்துவதற்கு. உதடு சேர்ந்தது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது.

வாயை மூடினாள். திரும்பவில்லை. தென்காசி பஸ் நிற்கிற பக்கமாக, கூட்டத்துக்குள், அருவி இரைகிறது, இன்னும் இரைகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு, பெயரில்லாமல் நடந்தாள்.